விவாகரத்து நேரத்தில் கோச் எதற்கு? கேட்டவர்களுக்குப் பதில்கள்

விவாகரத்தில் இருப்பவர்களுக்குக் கோச்சிங் கொடுப்பது என் வேலை. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். யார் கேட்டது என்று தெரியாதபடி விவரங்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, வக்கீல் இருக்கிறார், கவுன்சலரிடமும் போகிறேன். நடுவில் கோச் வேறு எதற்கு? இன்னொரு ஃபீஸா?

நியாயமான கேள்விதான். வக்கீல் சட்டத்தைப் பார்ப்பார், கவுன்சலர் காயத்தைப் பார்ப்பார். வருகிற செவ்வாய்க்கிழமை வக்கீலிடம் எதைக் கேட்பது, வீட்டை விற்கலாம் என்று அவர் சொன்னால் சரி என்பதா வேண்டாம் என்பதா, எந்தக் காகிதத்தை முதலில் தேடுவது, இதையெல்லாம் உங்களோடு உட்கார்ந்து வரிசைப்படுத்துகிறவர்தான் கோச். முடிவு உங்களுடையது, அதை எடுக்கிற நிலைக்கு உங்களைக் கொண்டுவருவதோடு எங்கள் வேலை முடிகிறது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் இதைத் தகராறு தீர்க்கும் வழிகளில் ஒன்றாகவே பட்டியல் போட்டிருக்கிறது. ஃபீஸைப் பொறுத்தவரை, மணிக்கணக்கில் பணம் வாங்கும் வக்கீல் முன்னால் முக்கால் மணி நேரம் அழுதுவிட்டு வருவதுதான் நிஜமாகவே செலவு. ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்: முக்கியத் தேதிகள், கையில் இருக்கும் ஆவணங்கள், பதில் தெரிய வேண்டிய மூன்று கேள்விகள். இதை நீங்களே செய்ய முடிந்தால் கோச் தேவையே இல்லை, பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

கேள்வி: ஒரு படிவத்தை நிரப்பக்கூட முடியவில்லை. பார்த்தாலே தலை சுற்றுகிறது. நான் அவ்வளவு பலவீனமானவளா?

இல்லம்மா. 1967-இல் ஹோம்ஸ், ராஹே என்ற இரு மனநல ஆய்வாளர்கள் வாழ்க்கை நிகழ்வுகளுக்கு மன அழுத்த மதிப்பெண் போட்டார்கள். துணையின் மரணத்துக்கு 100, அதற்கு அடுத்த இடம் விவாகரத்துக்குத்தான், 73. சிறைக்குப் போவதுகூட அதற்குக் கீழேதான். அப்படிப்பட்ட நேரத்தில் மூளை ஓடவில்லை என்றால் அது உங்கள் குறை இல்லை. நான் முதல் சந்திப்பில் பெரும்பாலும் ஒன்றுதான் செய்வேன். தலையில் ஓடுவதையெல்லாம் கொட்டச் சொல்லி, இந்த வாரமே செய்தாக வேண்டியது, கொஞ்சம் பொறுக்கலாம், இப்போதைக்கு யோசிக்கவே வேண்டாம் என்று மூன்றாகப் பிரிப்போம். முதல் பிரிவில் பெரும்பாலும் ரெண்டு மூணு விஷயத்துக்கு மேல் இருக்காது. படிவத்தில் இன்றைக்குப் பெயர், தேதி, முகவரி மட்டும் எழுதுங்கள். சொத்து விவரம் நாளைக்கு.

கேள்வி: ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ் அனுப்புகிறார், வாய்க்கு வந்தபடி. நானும் பதிலுக்கு அனுப்பிவிடுகிறேன், அப்புறம் வக்கீல் என்னைத் திட்டுகிறார். என்னதான் செய்வது?

வக்கீல் திட்டுவதில் அர்த்தம் இருக்கிறது, நீங்கள் அனுப்புவது எதுவும் பிறகு நீதிபதி மேசைக்குப் போகலாம். பில் எடி என்று ஒருவர், வக்கீல், மத்தியஸ்தரும்கூட, சிகிச்சையாளராகவும் இருந்தவர். இதற்கு அவர் சொல்லும் வழி: பதில் சுருக்கமாக இருக்கட்டும், தகவல் மட்டும் இருக்கட்டும், தொனி மரியாதையாக இருக்கட்டும், பேச்சு அதோடு முடியட்டும். நீங்கள் அனுப்பிய மெசேஜையே எடுத்துக்கொள்வோம். அவர், "பிள்ளைக்கு மருந்துகூடக் கொடுக்கத் துப்பில்லை, நீயெல்லாம் அம்மாவா" என்கிறார். நீங்கள் பத்து வரியில் அவருடைய அம்மா வரைக்கும் இழுத்திருக்கிறீர்கள். (கோபம் புரிகிறது, படித்த எனக்கே வந்தது.) அதற்குப் பதிலாக: "தகவலுக்கு நன்றி. மருந்து காலை எட்டு மணிக்குக் கொடுத்தாயிற்று. அடுத்த வேளை இரவு எட்டு மணி. சனிக்கிழமை பையில் வைத்து அனுப்புகிறேன்." அவ்வளவுதான். "அம்மாவா" என்பதற்குப் பதிலே கிடையாது, அது கேள்வியும் இல்லை. எழுதியதை ராத்திரியே அனுப்பாதீர்கள், அவசரம் இல்லாவிட்டால் காலையில் படித்துப் பார்த்து அனுப்புங்கள். என்னிடம் வருகிறவர்கள் ஆரம்பத்தில் ஒவ்வொன்றையும் காட்டித் திருத்துவார்கள், கொஞ்ச நாளில் அவர்களே எழுதிவிடுவார்கள்.

கேள்வி: மேடம், நீங்கள் என் மனைவியிடம் பேசி மனதை மாற்ற முடியுமா?

முடியாது தம்பி. நான் உங்களுக்கு மட்டும்தான் கோச். தூது போகமாட்டேன்.

கேள்வி: அவளுக்குப் பிரிய வேண்டும், எனக்கு வேண்டாம். இன்னும் எதுவும் முடிவாகவில்லை. இப்போதே கோச்சிங் வரலாமா?

உங்களுக்கு வேறு ஒன்று பொருத்தம். ஒருவர் போகத் துடிக்க, இன்னொருவர் பிடித்து வைக்கப் பார்க்கும் தம்பதிகளுக்கென்றே மினசோட்டா பல்கலைக்கழகத்தின் பில் டோஹெர்ட்டி ஒரு குறுகிய ஆலோசனை முறையை உருவாக்கினார். அதிகபட்சம் ஐந்து அமர்வுகள்தான். திருமணத்தைச் சரிசெய்வது அங்கே நோக்கம் இல்லை. எந்தப் பக்கம் போவது என்ற தெளிவு கிடைத்தால் போதும். அதை முடித்துவிட்டு, பிரிவதுதான் என்று ஆனால் என்னிடம் வாருங்கள்.

கேள்வி: எட்டு வயது மகளிடம் எப்படிச் சொல்வது?

முடிந்தால் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள், காரணம் யார் என்ற பேச்சே வேண்டாம். "இது உன்னால் இல்லை" என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவளுக்கே புரியும் என்று விட்டுவிடாதீர்கள். அப்புறம் பிள்ளை கேட்பது பெரும்பாலும் நடைமுறைக் கேள்விகள்தான்: அதே ஸ்கூலா, யார் கூட்டிப்போவார்கள், பூனை யாரிடம் இருக்கும். அதற்கெல்லாம் முதலில் நீங்கள் இருவரும் ஒரே பதிலுக்கு வந்தால்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். கோச்சிடம் ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பழகிக்கொண்டு போவது உதவும், எந்த வரியில் குரல் உடைகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். ஒன்று மட்டும் கண்டிப்பாக: "அப்பாவிடம் பணம் அனுப்பச் சொல்லு" என்று பிள்ளையைத் தபால்காரராக்காதீர்கள்.

கேள்வி: அடிக்கிறார். போனை எடுத்துப் பார்க்கிறார். கோச்சிங் உதவுமா?

இப்போது வேண்டாம். முதலில் பாதுகாப்பு. வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு உதவுகிறவர்கள், போலீஸ், வக்கீல், இவர்களிடம் போங்கள். வேறொருவருடைய போனிலிருந்து கூப்பிடுங்கள். கிளம்பப்போவதை அவரிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள், பிரிகிற நேரம்தான் ஆபத்து அதிகம். இந்த நிலையில் "பேசிப் பார்க்கலாம்" என்று சொல்கிற கோச் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: நல்ல கோச்சை எப்படி அடையாளம் காண்பது?

பெரும்பாலான இடங்களில் இந்தத் தொழிலுக்கு உரிமம் எதுவும் கிடையாது, நாளைக்கே யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். அதனால் என்ன பயிற்சி எடுத்தீர்கள், எந்தச் சூழலில் என்னை வேறு ஆளிடம் அனுப்புவீர்கள் என்று நேராகக் கேளுங்கள். ரெண்டாவது கேள்விக்குத் திணறினால் அவர் வேண்டாம். ஜீவனாம்சம் இவ்வளவு வாங்கித் தருகிறேன் என்றாலும், மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொன்னாலும் வேண்டாம்.

கேள்வி: உங்களிடம் சொல்வதை நீதிமன்றத்தில் கேட்பார்களா?

கேட்கலாம். வக்கீலிடம் பேசுவதற்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு கோச்சிடம் பேசுவதற்குப் பொதுவாகக் கிடையாது. நான் யாரிடமும் சொல்லமாட்டேன், ஆனால் நீதிமன்றம் உத்தரவு போட்டால் என் வாக்கு அங்கே செல்லாது. அதனால் மறைத்து வைத்த பணம், வேறொரு உறவு, வழக்கைப் பாதிக்கும் எதுவாக இருந்தாலும் முதலில் வக்கீலிடம் சொல்லுங்கள். எனக்கு அதையெல்லாம் ஈமெயிலில் எழுதி அனுப்பவே வேண்டாம்.