கையில் மொத்தமாகக் காசு இல்லாவிட்டால் ஆகும் செலவு: கேள்வி பதில்

கடனில் மாட்டிக்கொண்ட குடும்பங்களோடு உட்கார்ந்து வரவு செலவைப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. ஏழையாக இருந்தால் ஏன் செலவு கூடுகிறது என்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையவே வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, வருமானம் குறைவு என்றால் வாங்குவதும் குறைவாகத்தானே இருக்கும்? அப்புறம் செலவு எப்படிக் கூடும்?

மொத்தச் செலவு குறைவுதான் தம்பி. நான் சொல்வது, அதே பொருளுக்கும் அதே வசதிக்கும் அவர் கொடுக்கிற விலை கூடுதல் என்பதை. பெரிய பையாக வாங்கினால் மலிவு என்று தெரியாதவர் யாருமில்லை, ஆனால் அந்தப் பைக்கான பணம் இன்றைக்கு ஒரே தடவையாகக் கையில் இருக்க வேண்டுமே, இல்லாதவர் சின்னப் பாக்கெட்டாகவே வருடம் முழுக்க வாங்கி, வருடக் கடைசியில் பெரிய பை வாங்கியவரைவிட அதிகம் கொடுத்திருப்பார். காப்பீட்டை வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் ஒரு தொகை, மாதாமாதம் கட்டினால் கூட்டிப் பார்க்கையில் அதைவிடப் பெரிய தொகை. எல்லா இடத்திலும் இதே கதைதான்.

சி. கே. பிரகலாதும் ஆலன் ஹாமண்டும் 2002-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரையில் மும்பையின் தாராவியையும் அதே நகரத்தில் வசதியானவர்கள் வாழும் வார்டன் ரோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். தாராவியில் தண்ணீருக்கு 37 மடங்கு விலை, வயிற்றுப்போக்கு மருந்துக்கு 10 மடங்கு. கடன் வட்டி வார்டன் ரோட்டில் வருடத்துக்கு 12 முதல் 18 சதவீதம், தாராவியில் 600 முதல் 1000 சதவீதம். இரண்டும் ஒரே ஊர். குழாய் இணைப்பு, வங்கிக் கணக்கு, அடமானம் வைக்க ஒரு சொத்து என்று உள்ளே நுழைவதற்கான கட்டணத்தைக் கொடுத்தவருக்கு ஒரு விலை, கொடுக்க முடியாமல் வெளியே நிற்பவருக்கு இன்னொரு விலை.

கேள்வி: என் அம்மா தினமும் காலையில் தண்டலுக்கு வாங்கி வியாபாரம் செய்து சாயங்காலம் திருப்பிக் கொடுக்கிறார். நூற்றுக்கு ஐந்துதானே, வியாபாரத்தில் அதைவிடக் கிடைக்கிறதே என்கிறார். அது சரியா?

அவர் கணக்கு ஒரு நாளைக்குச் சரி. காலையில் 100 வாங்கி மாலையில் 105 கொடுத்து, கையில் கொஞ்சம் மிஞ்சினால் அன்றைக்கு லாபம்தான். வருடத்தில் 300 நாள் இப்படிச் செய்தால் வட்டி மட்டும் 1500, அதாவது அசலைப் போலப் பதினைந்து மடங்கு. அவ்வளவும் கொடுத்த பிறகும் அடுத்த நாள் காலையில் அந்த 100 அவருடையது இல்லை, மறுபடி போய் நிற்க வேண்டும்.

இதில் இருந்து வெளியே வர எவ்வளவு வேண்டும் என்று போட்டுப் பாருங்கள். தினமும் லாபத்தில் 1 மட்டும் எடுத்து முதலில் சேர்க்கிறார், மறுநாள் அந்த அளவுக்குக் கடனைக் குறைக்கிறார், அதனால் மிச்சமாகும் வட்டியையும் முதலிலேயே போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 37 நாளில் 100-ம் அவருடைய சொந்தக் காசாகிவிடும். தினமும் 2 எடுக்க முடிந்தால் 26 நாள். நாளுக்கு ஐந்து சதவீத வட்டி அவரை எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறதோ, விட்டு வரும்போது அதே வேகத்தில் அவர் பக்கம் திரும்புகிறது.

இதை நான் எடுத்துச் சொன்னவர்களில் பலர் உடனே தலையாட்டினார்கள், ஆனால் முடித்தவர்கள் குறைவு. அந்த 37 நாளுக்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், வண்டிச் சக்கரம் போகும், சொந்தத்தில் யாருக்காவது அவசரம் வரும், சேர்த்த 30 அங்கே போய்விடும், பிறகு ஒன்றில் இருந்து தொடங்க வேண்டும். அம்மாவிடம் வட்டி தப்பு என்று வாதம் செய்யாதீர்கள், அவருக்கு அது உங்களைவிட நன்றாகத் தெரியும். அந்த ஒரு மாதத்துக்கு வரும் அவசரச் செலவை மட்டும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், அது போதும்.

1976-இல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில், பின்னாளில் ஏழைகளுக்குச் சிறுகடன் கொடுக்கும் கிராமீன் வங்கியைத் தொடங்கிய முகமது யூனுஸ் கண்டதும் இதைத்தான். மூங்கிலில் முக்காலி பின்னுகிற ஒரு பெண், மூங்கில் வாங்கக் கடன் கொடுத்தவருக்கே முக்காலியை அவர் சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த மாதிரி 42 பேரின் கடனையும் சேர்த்துக் கூட்டினால் 27 டாலர். அவ்வளவு சின்னத் தொகை இல்லாததால் 42 பேரின் உழைப்பு வேறு யாரிடமோ போய்க்கொண்டிருந்தது.

கேள்வி: மேடம், 100-க்கு ஒரு பொருள், மாதம் 10 வீதம் 12 தவணை. 20 சதவீத வட்டி பரவாயில்லைதானே?

20 சதவீதம் இல்லை. முழு 100-ம் பன்னிரண்டு மாதமும் உங்களிடம் இருந்திருந்தால்தான் அது 20. நீங்கள் முதல் மாதத்திலிருந்தே அசலைத் திருப்பிக்கொண்டிருக்கிறீர்கள், பாதி வருடத்தில் பாதிக் கடன்தான் பாக்கி. கணக்குப் போட்டால் வருடத்துக்குச் சுமார் 35 சதவீதம் வருகிறது. கேட்க வேண்டிய கேள்வி: "குறைகிற பாக்கிக்கு வட்டி எவ்வளவு?" பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: சம்பள நாள் வரை இரண்டு வாரக் கடன் பற்றி? சின்ன அவசரத்துக்கு நல்லது என்கிறார்களே.

அமெரிக்காவில் இந்தக் கடனுக்கு வழக்கமான கட்டணம் 100 டாலருக்கு 15. இரண்டு வாரம்தானே என்று தோன்றும். வருடத்துக்கு 26 இரண்டு வாரம், அப்படிப் பார்த்தால் 390 சதவீதம். அங்குள்ள நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2014-இல் ஆராய்ந்தபோது இப்படிப்பட்ட கடன்களில் 80 சதவீதத்துக்கு மேல், 14 நாளுக்குள் புதுப்பிக்கப்பட்டவை அல்லது அதற்குப் பின்னாலேயே இன்னொரு கடன் வாங்கப்பட்டவை என்று தெரிந்தது. சம்பளத்தில் 115 வெட்டிக் கொடுத்தால் அடுத்த இரண்டு வாரத்தை எப்படி ஓட்டுவது? அதற்கு மறுபடி கடன். பிலிப்பைன்சில் ஐந்து வாங்கினால் ஆறு கொடு என்பதே கடனின் பெயர், 'ஃபைவ்-சிக்ஸ்'. பெயர் ஊருக்கு ஊர் மாறும், வேலை ஒன்றுதான்.

கேள்வி: கோபப்படாதீர்கள் சார்/மேடம், ஆனால் இதெல்லாம் திட்டமிடத் தெரியாததால் வருவதுதானே? புத்தியாகச் செலவு செய்தால் யாரும் முன்னேறலாம்.

கோபம் கொஞ்சம் வருகிறதுதான், ஏனென்றால் என் முன்னால் வந்து உட்காருகிறவர்கள் ஒவ்வொரு காசும் எங்கே போனது என்று மனப்பாடமாகச் சொல்கிறார்கள், நல்ல சம்பளம் வாங்குகிற பலரால் அது முடியாது.

2013-இல் சயன்ஸ் இதழில் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ நான்கு பேரும் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளை, அதே ஆட்களை, அறுவடைக்கு முன்னால் காசு இறுகிப்போன நேரத்தில் ஒருமுறையும் அறுவடைப் பணம் வந்த பின் ஒருமுறையும் சோதித்தார்கள். பணம் வந்த பின் புதிர்களைச் சரியாகவும் வேகமாகவும் போட்டார்கள். அதே மனிதர், அதே மூளை. பணக்கவலை மண்டையில் இடத்தை அடைத்துக்கொண்டதுதான் வித்தியாசம். புத்தி இல்லாததால் ஏழை என்பவர் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, அமெரிக்காவில் கழிவறைக் காகிதம் வாங்குவதை வைத்து யெஷிம் ஒர்ஹுனும் மைக் பலாசோலோவும் செய்தது. வருமானம் குறைந்தவர்கள் மொத்தமாக வாங்குவதும் தள்ளுபடி வரும்போது முன்கூட்டியே வாங்கி வைப்பதும் குறைவு. ஆனால் கையில் பணம் வரும் மாத ஆரம்பத்தில் அவர்களும் அப்படி வாங்குவது கூடுகிறது. எது லாபம் என்று தெரிந்தேதான் இருக்கிறது.

கேள்வி: உடம்பு விஷயத்தில் இது எப்படி?

பல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் ஒரு கரும்புள்ளி, வலி இல்லை, அடைத்தால் ஒரே தடவையில் முடியும். அந்த வாரம் காசில்லை, வலியும் இல்லை, தள்ளிப்போடுகிறார். சொத்தை நரம்பு வரை போனதும் ராத்திரி தூக்கம் போகிறது, இப்போது வேர் சிகிச்சை, பல தடவை போக வேண்டும், அதன் மேல் உறை போட வேண்டும், ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நாள் கூலி போகும். அதுவும் முடியாமல் வலி மாத்திரையில் ஓட்டுகிறார். கடைசியில் பல்லைப் பிடுங்குவதுதான் அவர் கைக்கு எட்டுகிற வைத்தியம். பல் போன இடத்துக்குப் பக்கத்துப் பற்கள் சாயும், மெல்லுவது ஒரு பக்கமாகும், முன்பல் என்றால் வேலைக்கு ஆள் எடுப்பவர் பார்க்கிற பார்வையும் மாறும். இவ்வளவுக்கும் அடியில் இருப்பது முதல் வாரம் இல்லாமல் போன ஒரு சின்னத் தொகை. சர்க்கரை, இரத்த அழுத்தம் எல்லாம் இதே வழிதான், வலிக்காத வரைக்கும் தள்ளிப்போகும்.

கேள்வி: வாடகை குறைவு என்று ஊருக்கு வெளியே வீடு பார்க்கலாமா?

போகவர ஆகும் செலவையும் நேரத்தையும் வாடகையோடு கூட்டிப் பாருங்கள். நாளுக்கு மூன்று மணி நேரம் பேருந்தில் போனால் அந்த மூன்று மணியில் வேறு வேலையோ படிப்போ பார்க்க முடியாது. கூட்டியும் குறைவாக இருந்தால் தாராளமாகப் போங்கள்.

கேள்வி: அபராதம் எல்லோருக்கும் ஒரே தொகை என்பது நியாயம்தானே?

எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒருவருக்கு ஒரு மணி நேர வருமானம், இன்னொருவருக்கு ஒரு வார வருமானம், இரண்டும் ஒரே தண்டனையாக முடியாது. கட்டத் தவறினால் அதன் மேல் தாமதக் கட்டணம், அப்புறம் உரிமம் ரத்து, உரிமம் இல்லாமல் வேலை போவது என்று ஏறிக்கொண்டே போகும். பின்லாந்தில் 1921 முதலே வருமானத்துக்கு ஏற்ற அபராத முறை இருக்கிறது. குற்றத்துக்கு இத்தனை நாள் என்று முடிவாகும், ஒரு நாளுக்கு எவ்வளவு என்பது அவரவர் வருமானத்தைப் பொறுத்தது. செய்ய மனம் இருந்தால் செய்யக்கூடியதே. வங்கியில் இருப்பு குறைந்ததற்காகப் பிடிக்கும் பணத்தையும் இதோடு சேர்க்கிறேன், பணம் இல்லாதவரிடம்தான் அது போகிறது.

கேள்வி: அக்கா, சேமிக்க வேண்டும் என்று தெரியும், வீட்டில் வைத்தால் தங்குவதே இல்லை. என்ன செய்ய?

உங்களுக்கு மட்டும் இல்லை. கானாவில் 'சுசு' என்ற சேமிப்பு முறையில் வசூலிப்பவர் ஒருவர் தினமும் வந்து உங்கள் சேமிப்பை வாங்கிப்போவார், மாதக் கடைசியில் ஒரு நாள் தொகையைத் தன் கூலியாக எடுத்துக்கொண்டு மீதியைத் தருவார். சேமிப்புக்கு வட்டி வாங்குவதற்குப் பதில் வட்டி கொடுக்கிறார்கள், காசை யாரும் கேட்க முடியாத இடத்தில் வைப்பது அவ்வளவு கடினம் என்பதால்.

கென்யாவில் பாஸ்கலின் டூபாவும் ஜோனதன் ராபின்சனும் செய்து பார்த்தது (2013) எனக்கு மிகவும் பிடித்தது. பூட்டும் சாவியும் உள்ள ஒரு சாதாரண உலோகப் பெட்டியைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். நோய்த் தடுப்புப் பொருட்களுக்கு அந்த வீடுகள் போட்ட பணம் 66 சதவீதம் கூடியது. பெட்டியில் இருக்கும் பணம் ஒரு காரியத்துக்கானது என்றாகிவிட்டால் மற்றவர்களுக்கு இல்லை என்று சொல்லவும் எளிது. ஆகவே இடத்தை மாற்றுங்கள், பணத்துக்கு ஒரு பெயரும் வையுங்கள்: "மருந்துக்காசு", "பள்ளிக்காசு". முதல் இலக்கு பெரிதாக வேண்டாம், போன வருடம் உங்களைக் கடன் வாங்க வைத்த சின்ன அவசரம் எதுவோ அந்த அளவு போதும்.

கேள்வி: கையில் கொஞ்சம் சேமிப்பும் இருக்கிறது, கடனும் இருக்கிறது. சேமிப்பை எடுத்துக் கடனை அடைத்துவிடலாமா?

கடன் வட்டி சேமிப்பு வட்டியைவிட அதிகம் என்றால் கணக்குப்படி அடைப்பதுதான் லாபம். ஆனால் முழுவதையும் எடுக்காதீர்கள். மொத்தமும் கொடுத்துவிட்டு அடுத்த வாரமே வண்டி பழுதானால் திரும்பத் தண்டல்காரரிடம்தான் போவீர்கள், அதுவும் அவர் சொல்கிற வட்டிக்கு. ஒரு அவசரத்துக்கு ஆகும் தொகையை ஒதுக்கிவிட்டு மீதியை வட்டி அதிகமான கடனில் போடுங்கள். பல கடன் இருந்தால் முதலில் நாள் வட்டி, பிறகு வார வட்டி, மாத வட்டி கடைசி. நகை அடமானத்தில் இருந்தால் ஏலத் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள், அது நெருங்கிவிட்டால் வரிசையில் அதை முன்னால் கொண்டுவர வேண்டும்.