சிமுலேட்டரா, விமானமா, முதலில் எது? கேள்வி பதில்

வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டுபவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன். ஜாய்ஸ்டிக், திரை, நாற்காலி பற்றிக் கேட்டவர்கள் கடைக்காரரைக் கேட்பது நல்லது. எனக்கு அதில் ஞானம் இல்லை.

கே: புதிதாகத் தொடங்குகிறேன் சார். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020, 2024, எக்ஸ்-பிளேன் 12. இவற்றில் எதை வாங்கலாம்?

ப: எந்த விமானத்தை ஓட்ட ஆசை என்று சொல்லாமல் கேட்கிறீர்கள். ஆட்-ஆனை, அதாவது சிமுலேட்டரில் தனியாகச் சேர்க்கும் விமானத்தை, முதலில் முடிவு செய்யுங்கள், சிமுலேட்டர் தானாக முடிவாகிவிடும். போயிங் 737-800-ஐக் காசில்லாமல் நுணுக்கமாகக் கற்க வேண்டுமென்றால் ஸிபோ என்ற ஆட்-ஆன் இருக்கிறது. அது எக்ஸ்-பிளேனில்தான் ஓடும். ஏர்பஸ் ஏ320 என்றால் மைக்ரோசாஃப்ட் பக்கம் ஃபிளைபைவயர் இலவசம், ஃபெனிக்ஸ் விலைக்கு. எக்ஸ்-பிளேனில் டோலிஸ். தாழப் பறந்து சொந்த ஊரைத் தேட வேண்டுமா, மைக்ரோசாஃப்ட்தான். பிங் வரைபடத்தின் படங்களே அங்கே தரையாக விரிகின்றன. ஒரு பக்கம் வாங்கிய விமானம் மறுபக்கம் ஓடாது. கையைக் கடிப்பது சிமுலேட்டரின் விலை அல்ல, இந்த இரட்டைச் செலவுதான்.

கே: மைக்ரோசாஃப்டின் பழைய சிமுலேட்டரான எஃப்எஸ்எக்ஸ் காலத்தில் வாங்கிக் குவித்த விமானங்கள் வீணாகுமா? பிரீபேர்3டி சிமுலேட்டரில் ஓட்டினால் வெளித்தோற்றம் வருகிறது, விமானி அறை கறுப்பாக இருக்கிறது.

ப: எஃப்எஸ்எக்ஸ் 2006-இல் வந்த 32 பிட் நிரல். 4 ஜிபி நினைவகத்துக்கு மேல் அதனால் தொட முடியாது. பெரிய விமான நிலையத்தில் இறங்கும் நேரம் பார்த்து அது மூச்சடைத்து நின்றதெல்லாம் அதனால்தான். லாக்ஹீட் மார்ட்டினின் பிரீபேர்3டி 2017-இல் நான்காம் பதிப்பில் 64 பிட்டுக்கு மாறியது. 64 பிட் நிரலுக்குள் 32 பிட் டிஎல்எல் (நிரலோடு இணையும் துணைக் கோப்பு) ஏறாது. உங்கள் கறுப்புத் திரைக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

சந்தேகமிருந்தால் விமானத்தின் ‘பேனல்.சிஎஃப்ஜி’ கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். கருவிகள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு வரியிலும் ஆச்சரியக்குறிக்கு முன்னால் இருக்கும் பெயரைக் குறித்துக்கொண்டு, அதே பெயரில் என்ன கோப்பு இருக்கிறது என்று தேடுங்கள். ‘.கேப்’ என்றால் எக்ஸ்எம்எல்லில் எழுதிய கருவி, பிழைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. ‘.ஜிஏயு’ அல்லது ‘.டிஎல்எல்’ என்றால், தயாரித்தவரே 64 பிட்டில் மறுபடி தந்தால்தான் உண்டு. எஃப்எஸ்எக்ஸை அழிக்காதீர்கள். பழைய விமானங்களுக்கு அதுவே வீடு. இன்னொன்று, பிரீபேர்3டி உரிமம் வீட்டுப் பொழுதுபோக்குக்கு அல்ல. வாங்கும் முன் படியுங்கள்.

கே: புதுப்பித்த பிறகு மைக்ரோசாஃப்ட் 2020 தொடங்கும்போதே மூடிக்கொள்கிறது.

ப: ஆட்-ஆன்களைப் போட்டுவைக்கும் கம்யூனிட்டி கோப்புறையில் இருப்பதையெல்லாம் வேறிடத்துக்கு நகர்த்திவிட்டுத் தொடங்குங்கள். ஓடினால் பாதியை மட்டும் திருப்பி வையுங்கள். சிக்கல் திரும்பினால் அந்தப் பாதியை மறுபடி பிரியுங்கள், குற்றவாளி அகப்படுவான். ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் முன்னால் அந்தக் கோப்புறை காலியாக இருக்கட்டும்.

கே: எக்ஸ்பாக்ஸில் ஃபெனிக்ஸ் போட வழி உண்டா அண்ணா?

ப: இல்லை தம்பி. அதன் மூளை சிமுலேட்டருக்கு வெளியே தனி விண்டோஸ் நிரலாக ஓடுகிறது. எக்ஸ்பாக்ஸில் சிமுலேட்டருக்குள்ளேயே இருக்கும் கடையில் கிடைப்பதை மட்டுமே போட முடியும்.

கே: என்னிடம் இருப்பது மேக்புக்.

ப: எக்ஸ்-பிளேன். ஆட்-ஆன் வாங்கும் முன் அதன் பிளகின் (துணை நிரல்) மேக்குக்கும் உண்டா என்று பாருங்கள். விண்டோஸுக்கு மட்டும் எழுதியவை நிறைய.

கே: மழுப்பாதீர்கள். எக்ஸ்-பிளேனில்தான் உண்மையான இயற்பியல் இருக்கிறது, மற்றது பொம்மை.

ப: இந்த வழக்கு எஃப்எஸ்எக்ஸ் காலத்தது. அன்று அதில் நியாயம் இருந்தது. எஃப்எஸ்எக்ஸ் முழு விமானத்துக்கும் எழுவிசை இவ்வளவு, இழுவிசை இவ்வளவு என்று அட்டவணையைப் பார்த்துக் கணக்கிட்டது. எக்ஸ்-பிளேன் இறக்கையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் காற்று எந்தக் கோணத்தில் மோதுகிறது என்று பார்த்து விசைகளைக் கூட்டுகிறது. ஆனால் 2020 முதல் மைக்ரோசாஃப்டும் விமானத்தின் பரப்பைப் பல புள்ளிகளாகப் பிரித்துத்தான் கணக்கிடுகிறது.

அட்டவணை என்றாலே மட்டம் என்பதும் சரியல்ல. விமான நிறுவனங்கள் விமானிகளைப் பயிற்றுவிக்கும் உயர்தர சிமுலேட்டர்கள் சோதனைப் பறப்பில் அளந்த தரவுகளால் நிரப்பிய அட்டவணைகளை நம்பியே ஓடுகின்றன. எந்த முறையானாலும், உள்ளே போடும் எண் தப்பென்றால் பறப்பதும் தப்பு. ஆகவே சிமுலேட்டரின் பெயரை விட்டுவிட்டு, விமானத்தைச் செய்தவர் யாரென்று கேளுங்கள்.

கே: மேலே கேட்டவன்தான். அப்படியானால் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ ஏன் எக்ஸ்-பிளேனை அங்கீகரித்தது?

ப: எஃப்ஏஏ அங்கீகரிப்பது மென்பொருளை அல்ல, கருவியை. கட்டுப்பாட்டுத் தண்டு, மானிகள், கணினி எல்லாம் சேர்ந்த அமைப்புக்கே சான்று. உங்கள் மேசைக்கு அது பொருந்தாது. வினாடிக்கு 20 ஃபிரேம் அளவுக்குக் கீழே போனால் எக்ஸ்-பிளேன் கணக்கு குலையாமலிருக்க நேரத்தையே மெதுவாக்கிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலர் இணையத்தில் சேர்ந்து பறக்கும் வேட்சிமில் உங்கள் பின்னால் வருபவருக்கு நீங்கள் ஊர்ந்துகொண்டிருப்பீர்கள். எக்ஸ்-பிளேன் டெமோ இலவசம். உங்கள் கணினியில் எத்தனை ஃபிரேம் வருகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

கே: இருவரும் சண்டை போட்டது போதும். ஒரே வரியில் எது சிறந்தது?

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: புதுப்பித்தேன், திறக்கவில்லை.

ப: கம்யூனிட்டி கோப்புறை.

கே: 2020-இல் வாங்கியவை 2024-இல் ஓடுமா? என் இணையம் சுமார்தான்.

ப: பெரும்பாலானவை திறக்கும். 2024-க்கென்றே செய்த பதிப்பு வந்திருக்கிறதா என்று தயாரிப்பாளர் பக்கத்தில் பாருங்கள். சிலர் இலவசமாகத் தருகிறார்கள், சிலர் மறுபடி காசு கேட்கிறார்கள். உங்கள் சிக்கல் இணையம்தான். 2024 வட்டில் கொஞ்சம் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பறக்கும்போதே இறக்குகிறது. குறைந்தது 10 எம்பிபிஎஸ், பரிந்துரை 50. சுமாரான இணைப்பென்றால் எக்ஸ்-பிளேனைப் பாருங்கள். நிலப்பரப்பை ஒருமுறை நிறுவிவிட்டால் பறக்க இணையம் வேண்டாம்.

கே: வேட்சிமில் கொடுத்த பாதையை விமானத்தின் வழிக் கணினியான எஃப்எம்சி ஏற்கவில்லை. விமானம் பழுதா?

ப: வழிசெலுத்தல் தரவு பழையது. ஏஐஆர்ஏசி எனப்படும் அந்தத் தரவுத் தொகுப்பு 28 நாளுக்கு ஒருமுறை மாறுகிறது. பல ஆட்-ஆன் விமானங்கள் தமக்கென்று தனித் தரவை வைத்திருக்கின்றன. ஆகவே சிமுலேட்டரில் மட்டும் புதுப்பித்தால் போதாது. எஃப்எம்சியில் ‘ஐடென்ட்’ பக்கத்தைத் திறந்தால் தரவின் தேதி தெரியும்.