வாடாமல் நின்ற செடியிலிருந்து புது ரகம் வருமா?

கேள்வி: குடியாத்தம் பக்கம் அரை ஏக்கர் கொல்லையில் கார்த்திகையில் கொண்டைக்கடலை போட்டேன். ஒரு மாதத்தில் திட்டுத் திட்டாக வாடிவிட்டது. நடுவில் சில செடிகள் மட்டும் பச்சையாக நிற்கின்றன. அந்த விதையை எடுத்து நோய் தாங்கும் ரகமாக்கலாமா ஐயா?

பதில்: செய்யலாம், ஆனால் நீங்கள் விதைத்தது என்ன விதை என்பதைப் பொறுத்தது. கொண்டைக்கடலை தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும் பயிர். ஒரே ரகத்தின் சான்று விதை என்றால் எல்லாச் செடிகளும் ஏறக்குறைய ஒரே வார்ப்பு. நின்ற செடி மண்ணில் நோய்ப் பூஞ்சாணம் குறைந்த இடத்தில் தப்பித்தது, அவ்வளவுதான். சந்தையில் வாங்கிய கலப்பு விதை என்றால் நம்பிக்கை உண்டு.

சரி, முதலில் வாடிய செடி ஒன்றைப் பிடுங்கி, வேரையும் அடித்தண்டையும் நீளவாக்கில் கீறிப் பாருங்கள். வெளியே அழுகல் இல்லாமல் உள்ளே கரும்பழுப்புக் கோடு ஓடினால் அது பியூசேரியம் என்ற மண் பூஞ்சாணத்தால் வரும் வாடல். பக்கவேர் உதிர்ந்து ஆணிவேர் படக்கென்று ஒடிந்தால் உலர் வேரழுகல். வாடலைத் தாங்கும் ரகம் இதையும் தாங்கும் என்று நம்பி விதைத்துவிடாதீர்கள். பூக்கும் பருவத்தில் வெயிலும் வறட்சியும் சேர்ந்தால் உலர் வேரழுகல்தான் அதிகம் வரும்.

வாடல்தான் என்று உறுதியானால், நின்ற ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனிப் பையில் வையுங்கள். அடுத்த கார்த்திகையில் செடிக்கு ஒரு வரிசையாக, அதே வாடிய திட்டிலேயே விதையுங்கள். நோய் விதையோடும் பரவும். வேறு கொல்லைக்குக் கொண்டுபோக வேண்டாம். இடையிடையே எளிதில் வாடும் ரகத்தையும் போட வேண்டும். பட்டன்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின், நோய்ப் பூஞ்சாணம் நிறைந்த சோதனை வயலில் எளிதில் வாடும் ஜேஜி 62 ரகம் இதற்காகவே விதைக்கப்படுகிறது. அது சாகும் இடத்தில் உங்கள் வரிசை நின்றால்தான் எதிர்ப்புத்திறன் என்று சொல்லலாம். அறுவடை வரை பாருங்கள். இந்தப் பூஞ்சாணத்தின் ஓர் இனத்துக்கு எதிராக மூன்று மரபணுக்களைக் கண்டறிந்திருக்கிறார்கள். ஒன்று மட்டும் இருந்தால் வாடல் தள்ளிப்போகும், இரண்டு சேர்ந்தால்தான் செடி முழுதாகத் தப்பும். முப்பது நாளில் பச்சையாக இருந்தது அறுபதாம் நாளில் சாய்வது அதனால்தான்.

இதற்கு இரண்டு மூன்று பருவம் பிடிக்கும். அதுவரை மற்ற இடத்தில் ஜேஜி 11 போன்ற வாடல் தாங்கும் ரகத்தை, கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் நன்மைப் பூஞ்சாணம்) கலந்து விதையுங்கள். வாடல் பூஞ்சாணம் மண்ணில் ஆறு ஆண்டு வரை உயிரோடிருக்கும். ஒரு வருடம் சோளம் போட்டுவிட்டு மறுபடி கொண்டைக்கடலைக்கு வந்தால் போதாது. அப்புறம், வேரைக் கீறிப் பார்த்தும் சந்தேகம் என்றால் மண்ணோடு இரண்டு செடியைப் பிடுங்கி விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப் போங்கள்.