16 வயதில் வியாபாரம்: கவலைப்படும் பெற்றோருக்கு

டி-ஷர்ட்டில் தன் ஓவியங்களை அச்சிட்டு விற்கப்போவதாக 16 வயது மகள் சொல்கிறாள், படிப்பு கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது என எழுதியிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான். ஆனாலும் தடுக்காதீர்கள் என்றே சொல்வேன்.

முதலில் சட்டம். பெரும்பாலான நாடுகளில் 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் அவரை முழுமையாகக் கட்டுப்படுத்தாது. அதனால் மொத்த வியாபாரிகள் அவளை நம்பிச் சரக்கு தரத் தயங்கலாம். வங்கிக் கணக்கு, ஆன்லைன் விற்பனைக் கணக்கு போன்றவற்றுக்கு உங்கள் கையெழுத்து தேவைப்படலாம். போடும் முன் படித்துப் பாருங்கள், பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும்.

அப்புறம் கணக்கு. பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். துணி, மை, பார்சல் செலவைக் கழித்துவிட்டு மிச்சமெல்லாம் லாபம் என்று நினைப்பார்கள். ஒரு சட்டைக்கு உழைத்த இரண்டு மணி நேரம் அதில் வராது. அச்சு பிசகி வீணானதும், அளவு சரியில்லை என்று திரும்பி வந்ததும் வராது. இவை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். விலையைக் கூட்டுவதா, வேலையைச் சுருக்குவதா என்பது அவளுக்கே புரியும். நஷ்டம் வந்தால் சத்தமில்லாமல் கைக்காசைப் போட்டு ஈடுகட்டாதீர்கள். அந்த நோட்டே பொய்யாகிவிடும். கடன் வாங்கித் தொடங்கவும் வேண்டாம். போனாலும் வீடு தாங்கும் தொகையே முதலாக இருக்கட்டும்.

சொந்தக்காரர்கள் பாசத்தில் வாங்குவார்கள். முன்பின் தெரியாத ஒருவர் இரண்டாவது முறையும் வாங்கினால்தான் சரக்கு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். யாரும் வாங்காவிட்டால் பொருளை மாற்றிப் பார்க்கலாம். ஸ்வீடனைச் சேர்ந்த இங்வார் கம்ப்ராட், இன்று பல நாடுகளில் மேசை நாற்காலி விற்கும் ஐகியா நிறுவனத்தை 1943-ல் தொடங்கியபோது அவருக்கு 17 வயது. பேனா, பணப்பை போன்ற சில்லறைப் பொருட்களைத்தான் விற்றார். மேசை நாற்காலியெல்லாம் 1948-ல்தான் வந்தன. உங்கள் மகளும் அந்த உயரத்துக்குப் போவாள் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் தாமதமான ஆர்டருக்காக ஒரு வாடிக்கையாளரிடம் தானே பேசி மன்னிப்புக் கேட்டு, சொன்ன தேதியில் அனுப்பிவைக்கும் பெண்ணுக்கு, நாளை எந்த வேலைக்குப் போனாலும் அந்தப் பழக்கம் கைகொடுக்கும். எனக்கு லாபத்தைவிட இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

படிப்பு விஷயத்தில் ஒரே ஒரு நிபந்தனை போதும். தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு ஆர்டர் எடுப்பதை நிறுத்துவது என்று இப்போதே இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். அந்தத் தேதியை வாடிக்கையாளர்களுக்கு அவளே முன்கூட்டிச் சொல்லட்டும்.