சிவப்பு விளக்கு மினுக்கும் நிண்டெண்டோ, சத்தம் போன கேம் கியர்

கேள்வி: மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பழைய என்.இ.எஸ். (நிண்டெண்டோவின் வீடியோ கேம்) பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். ஆன் செய்தால் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிகிறது, திரையும் கூடவே மினுக்குகிறது. சிப் போய்விட்டது என்கிறார் கடைக்காரர். உண்மையா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அந்தப் பெட்டிக்குள் ஒரு பூட்டுச் சிப் உண்டு. கேசட்டுக்குள் அதற்குச் சோடியாக இன்னொன்று. ஆன் செய்ததும் இரண்டும் பேசிக்கொள்ளும். பேச்சு ஒத்துப்போகாவிட்டால் பூட்டுச் சிப் நொடிக்கு ஒருமுறை மெஷினை ரீசெட் செய்துகொண்டே இருக்கும். நீங்கள் பார்ப்பது அதுதான். பின்களில் ஏறிய அழுக்கு அந்தப் பேச்சைத் தடுக்கிறது.

முதலில் கேசட்டைச் சுத்தம் செய்யுங்கள். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து, கறுப்பு வருவது நிற்கும்வரை கேசட்டின் பின் பட்டைகளைத் துடையுங்கள். வாயால் மட்டும் ஊதாதீர்கள். சின்ன வயதில் நாம் எல்லோரும் ஊதியவர்கள்தான். ஆனால் அந்த ஈரம் பின்களை அரிக்கும். ஊதியபின் கேம் ஓடியதென்றால், கேசட்டைக் கழற்றி மறுபடி சொருகியதால் ஓடியிருக்கும்.

அப்புறமும் மினுக்கினால் பெட்டிக்குள் கேசட் சொருகும் 72 பின் கனெக்டரைக் கழற்றி, சில நிமிடம் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தி மாட்டுங்கள். புதிதாக விற்கும் மாற்றுக் கனெக்டரை நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன். பல கனெக்டர்கள் கேசட்டை இறுகப் பிடித்துக்கொண்டு விடுவதே இல்லை.

கேள்வி: ஜப்பான் ஃபேமிகாம் (என்.இ.எஸ்.ஸின் ஜப்பான் வடிவம்) ஒன்று கிடைத்தது, அடாப்டர் இல்லை. என்.இ.எஸ். அடாப்டரின் பிளக் பொருந்துகிறது. போடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். என்.இ.எஸ். அடாப்டர் தருவது 9 வோல்ட் ஏ.சி. ஃபேமிகாமுக்கு வேண்டியது 10 வோல்ட் டி.சி., அதுவும் நடுப்பின் நெகட்டிவாக. மாற்றிப் போட்டால் உள்ளே ஏதாவது எரியும். ஜப்பான் அடாப்டரே கிடைத்தாலும் நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகக்கூடாது, அது 100 வோல்ட்டுக்குச் செய்தது. நடுப்பின் நெகட்டிவ் உள்ள, ஒரு ஆம்பியர் தரும் டி.சி. அடாப்டரை வாங்கி, சொருகும் முன் மல்டிமீட்டரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: சேகாவின் கையடக்க கேம் மெஷினான கேம் கியரில் சத்தம் சுத்தமாக இல்லை, படமும் மங்கல். திறந்தால் மீன் வாடை அடிக்கிறது.

பதில்: அந்த வாடையே பதில். 1990-ல் வெளிவந்த இந்த மெஷினின் சின்னக் கெப்பாசிட்டர்கள் கசிவதற்குப் பேர்போனவை. வாடை அந்தக் கசிவிலிருந்து வருவது. சத்தத்துக்கான போர்டு, பிரதான போர்டு இரண்டிலும் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். இரண்டு மூன்றை மட்டும் மாற்றினால் அடுத்த வருடம் மறுபடி திறக்க நேரும். கசிந்த இடத்தை ஆல்கஹாலால் கழுவாமல் புதியதைச் சோல்டர் செய்யாதீர்கள், கசிவு காப்பர் தடத்தைத் தொடர்ந்து அரிக்கும். திரைக்குப் பின்னால் உள்ள குழல்விளக்குக்கு உயர் வோல்டேஜ் போகிறது. பேட்டரியோடு திறந்து கை வைக்கவேண்டாம்.

கேள்வி: கேம் பாயில் (நிண்டெண்டோவின் கையடக்க மெஷின்) ஆடும் போக்கிமான் கோல்ட் கேசட்டில் சேவ் நிற்பதில்லை.

பதில்: உள்ளே உள்ள சிஆர் 2025 பேட்டரி தீர்ந்திருக்கும். கேமுக்குள் இருக்கும் கடிகாரமும் அதில்தான் ஓடுகிறது, அதனால் சீக்கிரம் தீரும். 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் ஸ்க்ரூடிரைவரால் (இந்தக் கேசட்டுகளின் தனி வகை ஸ்க்ரூவுக்கானது) திறந்து, தகடு பொருத்திய பேட்டரியாகவே வாங்கிச் சோல்டர் செய்யுங்கள். வெறும் பேட்டரி மேல் சோல்டரிங் அயர்னை வைத்தால் வெடிக்கலாம்.