இந்தோனேசியாவா, மலேசியாவா: எந்த அட்டவணை சரி?

வணக்கம் ஐயா. நாடுகள் வெளியிடும் கரியமில வாயு பற்றி மகளின் இடுபணிக்கு எடுத்த ஓர் அட்டவணையில் இந்தோனேசியா முதலிடம், இன்னொன்றில் மலேசியா அதற்கு மேலே என்கிறீர்கள். இரண்டும் சரிதான். முதலாவது அட்டவணை, ஒரு நாடு முழுவதும் வெளியிடும் மொத்தக் கரியமில வாயு. மற்றது ஆளுக்கு எவ்வளவு என்பது. இந்தோனேசியாவில் 27 கோடிக்கு மேல் மக்கள், இங்கே மலேசியாவில் ஏறத்தாழ 3.4 கோடி. ஆளுக்கு நாம் வெளியிடுவது சுமார் 8 டன். அவர்கள் அதில் பாதிகூட இல்லை. அவர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமே இல்லை!

ஆனால் இந்த எண்களில் காடழிப்பும் சதுப்புநிலத் தீயும் பெரும்பாலும் சேராது. 2015இல் பினாங்கு வரை வந்த புகைமூட்டத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அதையும் சேர்த்தால் இந்தோனேசியாவின் கணக்கு எகிறும்.

ஒரே ஆண்டு, ஒரே நிறுவனத்தின் தரவு, இரண்டு அளவுகளும் அருகருகே. மகளை அப்படியே எழுதச் சொல்லுங்கள்.