சாயப்பட்டறை ஸ்டோரில் இருக்கும் கெமிக்கல்களின் ஆபத்தை எப்படி வகை பிரிப்பது?

பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் ஸ்டோர் பொறுப்புக்கு வந்திருக்கிறீர்கள். ஹைட்ரோஸ், பெராக்சைடு (ஹைட்ரஜன் பெராக்சைடு), காஸ்டிக் (காஸ்டிக் சோடா), அசிட்டிக் (அசிட்டிக் ஆசிட்), ரியாக்டிவ் டை (பருத்தித் துணிக்கான சாயத்தூள்) என எல்லாவற்றிலும் மண்டையோடு ஸ்டிக்கர்தான் ஒட்டியிருக்கிறது, துணி வாங்கும் கம்பெனியின் பையர் ஆடிட் வரப்போகிறது, எது என்ன ஆபத்து என்று எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே ஊரில் பல வருடங்களாக லேபிலும் ஸ்டோரிலும் வேலை பார்க்கிறவன். ஆடிட்டை ஒரு பக்கம் வையுங்கள். இந்த வேலையை அந்த டிரம்மைத் திறக்கிற ஆளுக்காகச் செய்ய வேண்டும்.

முதலில் அந்த மண்டையோடு. கொஞ்சம் உள்ளே போனாலே உயிரை எடுக்கும் விஷத்துக்கான படம் அது. நீங்கள் சொன்ன ஐந்தில் எதற்கும் பொதுவாக அது வராது. எல்லாவற்றிலும் ஒரே படம் இருந்தால், ஒரு மாதத்தில் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். எங்கே வைப்பது, எதன் பக்கத்தில் வைக்கக் கூடாது, ஏதாவது நடந்தால் கை முதலில் எதைத் தேட வேண்டும், இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாத ஸ்டிக்கர் ஒட்டியும் பிரயோஜனமில்லை.

இதற்கென்று ஐக்கிய நாடுகள் சபை 2003-ல் வெளியிட்ட உலகப் பொது முறை ஒன்று உண்டு. ஜி.எச்.எஸ். என்பார்கள். அதில் தீ, வெடிப்பு, சூடு போன்ற இயற்பியல் ஆபத்துகள் 17 வகை, உடல்நல ஆபத்துகள் 10 வகை, சுற்றுச்சூழலுக்கு 2 வகை. ஒவ்வொரு வகைக்குள்ளும் 1, 2, 3 என்று படிகள் இருக்கும். எண் சின்னதாக இருந்தால் ஆபத்து பெரியது. நம் நாட்டில் போபாலுக்குப் பிறகு 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1989-ல் வந்த அபாய ரசாயன விதிகள் பாதுகாப்புத் தகவல் தாளையும் லேபிளையும் கேட்கின்றன. நாம் எம்.எஸ்.டி.எஸ். என்று சொல்லும் தாள் அதுதான்.

செய்முறைக்கு வருவோம். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். யாரும் தொடாமல் சும்மா இருந்தாலே இது என்ன செய்யும்? ஓர் ஆள் மேல் பட்டால், மூச்சில் போனால், வயிற்றில் போனால் என்ன செய்யும்? இரண்டையும் கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஹைட்ரோஸை வைத்தே பார்க்கலாம், ஏனென்றால் நம் பட்டறைகளில் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது அதுதான்.

ஹைட்ரோஸ் என்பது சோடியம் ஹைட்ரோசல்பைட், வேறு பெயர் சோடியம் டைதயோனைட். ஷேட் தப்பிப் போன துணியில் கலரை எடுக்கவும், பாலியஸ்டரில் ரிடக்‌ஷன் கிளியரிங்குக்கும் (மேலே ஒட்டிநிற்கும் மிச்சச் சாயத்தை எடுக்கும் வேலை) போடுகிற வெள்ளைப் பவுடர். பார்த்தால் உப்பு மாதிரி சாதுவாக இருக்கும். ஐப்பசி அடைமழையில் ஒரு பட்டறை ஸ்டோரில் மூடி சரியாக மூடாத ஹைட்ரோஸ் டிரம் ஒன்றைப் பார்த்தேன். பக்கத்தில் போனதும் தொண்டையைப் பிடிக்கிற கந்தக நெடி. வெளித்தகட்டில் புறங்கையை வைத்தால் ஒரு பக்கம் மட்டும் சூடு. மேலே பவுடர் கட்டி தட்டியிருந்தது. அங்கே இருந்த ஒருவர் மக்கில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தார். அவரைத் தடுத்தோம்.

இந்தச் சூட்டுக்குப் பெயர் தன்வெப்பம். ஈரத்தோடு அடுக்கிய சோளத்தட்டுப் போர் உள்ளுக்குள் வெந்து ஒருநாள் புகைகிற மாதிரிதான் இதுவும். காற்றும் ஈரமும் பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு உண்டாகிறது, குவியலுக்குள் அந்தச் சூடு வெளியேற வழி இல்லை, ஏறிக்கொண்டே போகிறது. ஜி.எச்.எஸ். இதை அளக்கும் விதம் தெளிவானது. பவுடரை 25 மில்லிமீட்டர் கனசதுரக் கம்பிவலைக் கூட்டில் நிரப்பி, 140 டிகிரி அடுப்பில் 24 மணி நேரம் வைப்பார்கள். தானாகத் தீப்பிடித்தாலோ, உள் வெப்பம் அடுப்பைவிட 60 டிகிரிக்கு மேல் ஏறினாலோ அது தன்வெப்பப் பொருள், படி 1. சின்னக் கூட்டில் ஏறாமல் 100 மில்லிமீட்டர் கூட்டில் மட்டும் ஏறினால் பெரும்பாலும் படி 2. குவியல் பெருக்கப் பெருக்க ஆபத்து கூடும் என்பது இந்தச் சோதனைக்குள்ளேயே இருக்கிறது. ஹைட்ரோஸ் படி 1. லேபிளில் அதற்கு வரும் ஆபத்து வாசகத்தின் குறியீடு எச்251 (H251): தானே சூடேறும், தீப்பிடிக்கலாம். லாரியில் ஏற்றும்போது யு.என். எண் (போக்குவரத்துக்கான ஐ.நா. அடையாள எண்) 1384, வகுப்பு 4.2, அதாவது தானே தீப்பிடிக்கக்கூடிய பொருள்.

இங்கே புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரு இடத்தில் தடுமாறுவார்கள். தண்ணீர் பட்டால் பிரச்சினை, அப்படியென்றால் தண்ணீரோடு வினைபுரியும் வகுப்பு 4.3 தானே என்பார்கள். அப்படி இல்லை. தண்ணீர் பட்டதும் எரியும் வாயு வெளியே வந்தால்தான் 4.3. வெல்டிங் கடையில் இருக்கும் கார்பைடு அந்த ரகம், அசிட்டிலீன் வரும். ஹைட்ரோஸிலிருந்து வருவது சல்பர் டைஆக்சைடு. அது எரியாது, ஆனால் மூச்சை அடைக்கும்.

தீயணைப்பில் இந்த வித்தியாசம் நேரடியாக வந்து நிற்கும். கார்பைடுக்கு உலர்ந்த மணலைப் போடுவோம். ஹைட்ரோஸ் எரிய ஆரம்பித்துவிட்டால் மணல் போட்டு மூடிப் பலனில்லை. அதற்குமேல் எரிய வெளிக்காற்று வேண்டியதில்லை. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ சேர்ந்து வெளியிடும் அவசரகால வழிகாட்டி நூலில் 135-ம் எண் வழிகாட்டிக் குறிப்பு, சின்னத் தீயோ பெரிய தீயோ ஹைட்ரோஸுக்கு வெள்ளமாகத் தண்ணீர் அடிக்கச் சொல்கிறது. மக் தண்ணீர் சூட்டைக் கிளப்பிவிடும், குழாய் நிறைய அடிக்கும் தண்ணீர் சூட்டை வாரிக்கொண்டு போகும். அதனால்தான் அந்த ஆளைத் தடுத்தோம். இது ஸ்டோர் ஆட்கள் தனியாக இறங்கிச் செய்கிற வேலை அல்ல. ஆட்களைக் காற்று வரும் திசைப் பக்கமாக வெளியேற்றிவிட்டு 101-க்கு அடியுங்கள், என்ன பொருள் என்று பெயரையும் யு.என். எண்ணையும் சொல்லுங்கள்.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. 1995 ஏப்ரலில் அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்து லோடை என்ற ஊரில் ஹைட்ரோஸையும் அலுமினியப் பவுடரையும் கலந்துகொண்டிருந்த கலவை இயந்திரத்துக்குள் தண்ணீர் போய்விட்டது. உள்ளே சூடேறிக்கொண்டிருந்த சரக்கை வெளியே எடுக்க முயன்றபோது வெடித்து 5 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

சரி, இனி ஹைட்ரோஸின் உடல்நலப் பக்கம். விழுங்கினால் கெடுதல், உடனடி நச்சுத்தன்மை வகையில் படி 4, எச்302. அதற்கு மண்டையோடு கிடையாது, ஆச்சரியக்குறிப் படம்தான். ஐரோப்பிய லேபிளில் கூடவே ஒரு வாசகம் வரும்: அமிலம் பட்டால் நச்சு வாயு வரும். நம் ஸ்டோரில் அசிட்டிக் கேன் எங்கே இருக்கிறது என்று இந்த இடத்தில் திரும்பிப் பாருங்கள். சல்பர் டைஆக்சைடு காற்றைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனமானது, தாழ்வான இடத்தில் தங்கும். ஆஸ்துமா இருக்கிறவர்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் மூச்சு இழுக்கும். இரண்டு ஆபத்தும் சேர்ந்ததும் லேபிள் தயார்: தீப்படம், ஆச்சரியக்குறி, மேலே 'அபாயம்' என்ற ஒரே சொல். 'அபாயம்' வந்துவிட்டால் 'எச்சரிக்கை' என்று தனியாகப் போட வேண்டியதில்லை.

பெராக்சைடில் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு. அங்கே பெயரைப் பார்த்து வகை சொல்லவே முடியாது, எத்தனை சதவீதம் என்று கேட்டாக வேண்டும். நமக்கு வருவது பெரும்பாலும் 50 சதவீதம். ஐரோப்பிய விதியின் சதவீத எல்லைகள்படி 50 முதல் 70-க்குள் இருந்தால் ஆக்ஸிஜன் ஏற்றித் தீயை வளர்க்கும் திரவம் படி 2, தோலை அரிக்கும் வகையில் 1பி (படி 1-ன் உட்பிரிவு). 35 முதல் 50-க்குள் தோல் எரிச்சல். 8 சதவீதம் வந்தாலே கண்ணுக்கு நிரந்தரச் சேதம் செய்யும் வகை. இதைக் கவனியுங்கள்: 10 சதவீதமாகக் கலக்கி மக்கில் வைத்தது கையில் பட்டால் ஆள் துடைத்துக்கொண்டு போய்விடுவார், கண்ணில் தெறித்தால் அதே திரவம் பார்வையைக் கெடுக்கும். கலக்கி வைத்ததுதானே என்று கண்ணாடி போடாமல் நிற்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். 50 சதவீதம் கையில் பட்டால் அந்த இடம் வெள்ளையாகி ஊசி குத்துகிற மாதிரி வலிக்கும், அதைப் பட்டறையில் எல்லோரும் அறிவார்கள். கண் விஷயம் தெரியாது.

அப்புறம், பெராக்சைடு ஆக்ஸிஜனைக் கொடுப்பது, ஹைட்ரோஸ் ஆக்ஸிஜனை எடுப்பது. இரண்டும் வெளுக்கிற வேலைக்குத்தானே என்று ஒரே வரிசையில் அடுக்கிவைக்கிறார்கள். இவை இரண்டும் சேரவே கூடாது. ஒரே அறைக்குள்கூட வைக்காமல் இருக்க முடிந்தால் நல்லது. பெராக்சைடு கேனின் மூடியில் காற்றுப் போகிற துளை இருக்கும், அதை டேப் போட்டு அடைக்க விடாதீர்கள்.

அசிட்டிக்கை எல்லோரும் ஆசிட் என்று பயப்படுகிறார்கள், தீ என்று யாரும் நினைப்பதில்லை. அடர் அசிட்டிக் ஏறக்குறைய 39 டிகிரியில் தீப்பொறிக்குப் பற்றும் ஆவியை விடும். 23 முதல் 60 டிகிரிக்குள் என்றால் எரியும் திரவம் படி 3. சித்திரையில் நம் ஊர் வெயிலும், தகரக் கூரைக்குக் கீழே ஏறும் சூடும் உங்களுக்குத் தெரியும். ஆகவே தோலை அரிக்கும் படமும் தீப்படமும் இரண்டும் அதற்கு வேண்டும், வெல்டிங் வேலை நடக்கும் பக்கம் அது இருக்கக் கூடாது.

காஸ்டிக் எரியாது. ஆனால் 5 சதவீதக் கரைசலே தோலை அரிக்கும் 1ஏ வகை. அலுமினியப் பாத்திரத்தில் அதை மொண்டால் ஹைட்ரஜன் வாயு வரும், அது எரியும்.

ரியாக்டிவ் டையை மட்டும் லேசாக விட்டுவிடாதீர்கள். சாயத்தை எடை போட்டுக் கலக்கும் கலர் கிச்சனில், எடை போடும்போது பறக்கும் தூள்தான் அதன் ஆபத்து. பல ரியாக்டிவ் டைகளுக்கு மூச்சுவழி ஒவ்வாமை வகை உண்டு, எச்334, நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மனித உருவம்தான் படம். எரிச்சலும் ஒவ்வாமையும் ஒன்றல்ல. எரிச்சல் அளவைப் பொறுத்தது, வெளியே வந்தால் அடங்கும். ஒவ்வாமை ஒருமுறை உடம்பில் ஏறிவிட்டால், பிறகு துளித் தூளுக்கே மூச்சு இழுக்கும், மற்ற ஆட்கள் பக்கத்தில் சாதாரணமாக நிற்பார்கள். கலர் எடை போடுகிற ஆள் லீவு நாட்களில் நன்றாக இருந்து, வேலைக்கு வந்த அன்று ராத்திரி இருமினால் அதைச் சளி என்று விட வேண்டாம். தொழில்வழி ஆஸ்துமா தெரிந்த மருத்துவரிடம் அனுப்புங்கள், அவரை எடை போடும் இடத்திலிருந்து மாற்றச் சொல்லி முதலாளியிடம் பேசுங்கள். முதலாளி தயங்கினால் எம்.எஸ்.டி.எஸ். தாளைக் காட்டுங்கள்.

தாளைப் பற்றி. 16 பகுதிகள் இருக்க வேண்டும். 2-ல் ஆபத்து வகைகள், 3-ல் உட்பொருள்கள், 9-ல் இயற்பியல் பண்புகள், 11-ல் நச்சுத்தன்மை, 14-ல் போக்குவரத்து. நான் முதலில் 2-ஐயும் 14-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பேன். 14-ல் யு.என். எண்ணும் வகுப்பும் போட்டுவிட்டு 2-ல் 'ஆபத்தில்லை' என்று எழுதியிருந்தால் அந்தத் தாளை நம்ப வேண்டாம். அடுத்து 3-ல் சி.ஏ.எஸ். எண்ணை, அதாவது ஒவ்வொரு ரசாயனத்துக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணைப் பாருங்கள்: ஹைட்ரோஸுக்கு 7775-14-6, பெராக்சைடுக்கு 7722-84-1, காஸ்டிக்குக்கு 1310-73-2. வணிகப் பெயரை வைத்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. சி.ஏ.எஸ். எண்ணைப் போட்டு ஐரோப்பிய ரசாயன முகமையின் தளத்தில் இலவசமாகத் தேடலாம், வகைப்பாடு வந்துவிடும். எண்ணே இல்லாமல் 'சிறப்பு சர்பாக்டன்ட் கலவை' என்று மட்டும் எழுதிவரும் தாள்கள் நம் ஊரில் ஏராளம். சப்ளையரிடம் எழுத்தில் கேளுங்கள், பதில் வரும்வரை அந்தச் சரக்கை ஆபத்தானதாகவே வையுங்கள்.

ஒன்று தெளிவாக இருக்கட்டும்: வகைப்பாடு சொல்வது பொருளின் குணத்தை. உங்கள் பட்டறையில் அது எவ்வளவு நேரம், எவ்வளவு பேர் மூச்சில் போகிறது என்பதை அது சொல்லாது. அதை நீங்கள் ஸ்டோரிலும் கலர் கிச்சனிலும் நின்று பார்த்துத்தான் எழுத வேண்டும்.

லேபிளில் தமிழ் மட்டும் போதாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்கிறவர்கள் நம் பட்டறைகளில் நிறைய. படங்களைப் பெரிதாக அச்சடித்து, ஹிந்தியிலும் ஒடியாவிலும் ஒரு வரி எழுதி, அவர்களில் ஒருவரை வைத்தே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கண் கழுவும் இடத்தை அப்போதே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள். கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிய பிறகுதான் வண்டி ஏற்ற வேண்டும், காஸ்டிக் என்றால் இன்னும் கூட. கூடப் போகிறவரிடம் அந்த எம்.எஸ்.டி.எஸ். தாளின் பிரதியைக் கொடுத்தனுப்புங்கள், டாக்டர் முதலில் கேட்கப்போவது என்ன கெமிக்கல், எத்தனை சதவீதம் என்பதைத்தான்.